ரிஜெக்ட் புள்ளி

என் ஈரலில் கிருமி இருக்கிறது என்ற செய்தியை எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை. எங்கள் தொழிற்சாலையின் ஒலிபெருக்கி.

விசில் செய்யும் தொழிற்சாலை அது. நான் ஊதிப் பார்ப்பவன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு விசில், இருபத்திரண்டு வருஷம். நன்றாகக் கூவியதைக் கூடையில் போடுவேன். ஊமையாகவோ தொண்டை கட்டியோ வந்ததன் மேல் சின்னத் தூரிகையால் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துத் தொட்டியில் எறிவேன். புள்ளி வைத்தது ரிஜெக்ட். அது நேரே உருக்கப் போகும்.

அந்தப் பெயிண்ட் லேசுப்பட்டதில்லை. ரிஜெக்ட்டை யாரும் துடைத்து மறுபடி கூடையில் போட்டுவிடக் கூடாது என்று முதலாளி எங்கிருந்தோ தேடிப்பிடித்து வரவழைத்தது. சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. பழைய மேஸ்திரி ஒருவருக்கு மூக்கு நுனியில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டது. அவருடைய கல்யாணப் போட்டோவிலும் மூக்கில் அந்தப் புள்ளி இருக்கிறது. கல்யாணம் நடந்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது தொழிற்சாலையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பத்து நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், மேஸ்திரி ஒலிபெருக்கியில் முடிவுகளை வாசித்தார். மனிதர் கெட்டவர் இல்லை. விடுப்புப் பட்டியலையும் அப்படித்தான் வாசிப்பார்.

"சர்க்கரை இருக்கிறவங்க, அச்சு வார்க்கிற இடத்துல மூணு பேர். ரத்தக் கொதிப்பு, கேட்டுல ஒருத்தர். ஈரல்ல கிருமி, ஹெபடைடிஸ் பி, ஊதுற பெஞ்சுக்காரர். எல்லாரும் ஒரு மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க."

என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேக்கிங்காரர் வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே எழுந்து போனார். அதை இன்னும் வாயில்தான் வைத்திருக்கிறார் என்று கேள்வி.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நான் வெளியே. போனில் பேசினோம்.

"இதுவரைக்கும் எத்தனை விசில் ஊதியிருப்பீங்க?"

"ஒரு கோடியே பதினெட்டு லட்சம் இருக்கும் சார். லீவு போட்ட நாளைக் கழிச்சுக்கணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கிடங்கில் அனுப்பாமல் கிடந்த நாற்பதாயிரம் விசிலையும் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யச் சொன்னார். பிளாஸ்டிக் கொதிநீரில் என்ன ஆகும் என்பதை பிளாஸ்டிக் தொழிற்சாலை நடத்துகிறவர் மறந்துவிட்டார். பயம் அப்படிப்பட்டது. நாற்பதாயிரம் விசிலும் சேர்ந்து எருமை அளவுக்கு ஒரே கட்டியாக இறுகிவிட்டது. அதைத் தூக்க ஆளில்லாமல் முற்றத்திலேயே போட்டுவிட்டார்கள். காற்றடித்தால் எருமை ஊதும். அந்தப் பக்கம் போகிற வண்டிகள் இன்றைக்கும் நின்று நின்றுதான் போகின்றன.

எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று கடிதத்தில் எழுதவில்லை. என் பெஞ்சில் ஒரு காற்றுப் பம்பு வைத்தார்கள். அதற்கு ஈரல் கிடையாது.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் நான், என் மனைவி, அவளுடைய தம்பி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருக்க மைத்துனன் இருந்தான், நாற்பத்தாறு வயதில்.

தொழிற்சாலையில் போலவே வீட்டிலும் எனக்கு ஒரு பரிசோதனை வேலை உண்டு. என் மனைவி சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். அடுப்பில் கொதிப்பதிலிருந்து கரண்டியில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவாள். நான் வலது உள்ளங்கையை நீட்டுவேன். ஒரு சொட்டு விடுவாள். "உப்பு பாருங்க" என்பாள். நான் நக்கிப் பார்த்து, சரி என்றோ இன்னும் கொஞ்சம் என்றோ சொல்வேன். அவ்வளவுதான். கல்யாணம் ஆன மறுநாள் தொடங்கியது. நாங்கள் பேசாமல் இருந்த நாட்களிலும் கரண்டி மட்டும் வரும், போகும். ஊரில் மற்ற புருஷன் பெண்டாட்டிகள் எதை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அந்தச் சொட்டை வைத்து நடத்தினோம்.

ஒலிபெருக்கி வாசித்த அன்று மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. பேக்கிங்காரரின் சம்சாரம் போனில் சொல்லியிருக்கிறாள். என் தட்டும் டம்ளரும் தனியே ஜன்னல் விளிம்பில் இருந்தன. இரண்டிலும் சிவப்புப் புள்ளி.

முன்னொரு காலத்தில் குடைக்கு அடையாளம் போட நான் கொண்டுவந்து வைத்திருந்த பெயிண்ட்தான் அது. தூரிகையும் என்னுடையதுதான். விசில்காரனோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தப் புள்ளி எதற்கு என்று தெரியாதா?

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி இருக்கான் இல்ல, அவனுக்கு ஒட்டிக்கிட்டா? எங்கம்மாவே ஈரல் கெட்டுத்தான் போனாங்க" என்றாள்.

"நான் இன்னும் வாழ வேண்டியவன் மாமா" என்றான் மைத்துனன். எப்போது தொடங்கப்போகிறான் என்று நான் கேட்கவில்லை.

அடுப்பில் பருப்பு கொதித்தது. அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். என் கை பழக்கத்தில் தானாக நீண்டது. கரண்டி என் கைக்கு மேலாகப் போய் அவன் கையில் சொட்டியது.

"உப்பு பாருடா."

அவன் நக்கினான். "கம்மிக்கா."

கம்மி இல்லை. அவன் நாக்கு மரப்பலகை. அன்று பருப்பு கரித்தது. அதை மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் ஜன்னலோரம், என் புள்ளித் தட்டில்.

மூன்றாம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. ஊசி போடாமலே பேசக்கூடிய நல்ல பெண்.

"தட்டு, டம்ளர், தொடுறது, இருமுறது, இதுலயெல்லாம் பரவாது. ரத்தம் மூலமா பரவும், படுக்கையில பரவும், பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். ஷேவிங் பிளேடு, பல் பிரஷ் மட்டும் தனியா வச்சுக்குங்க. தினம் ஒரு மாத்திரை, ஒரே நேரத்துக்கு. நிறுத்தவே கூடாது."

"விசில்ல?"

"பரவாது."

"நாற்பதாயிரத்தைக் கொதிக்க வச்சுட்டாங்களே?"

"நான் கொதிக்க வைக்கச் சொல்லலையே. முக்கியமான விஷயம், உங்க வீட்டம்மாவை அடுத்த தடவை கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு இருக்கான்னு பார்க்கணும். இருந்தா இப்பவே மாத்திரை ஆரம்பிக்கலாம். இல்லைன்னா மூணு தடுப்பூசி போட்டா அவங்களுக்கு வராது."

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். 'தட்டுல ஒட்டாதாம்' என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே என்னுடைய சாய்வு நாற்காலி. அதில் மைத்துனன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"தள்ளி நில்லுங்க மாமா, காத்து உங்க மேல பட்டு இந்தப் பக்கம் வருது."

நான் மூச்சு வாங்கியபடி நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்தேன். அவ்வளவுதான். நெருப்பு பட்டவன்போல் துள்ளினான்.

"அக்கா! தொட்டுட்டாரு! நாற்காலியைத் தொட்டுட்டாரு!"

அவள் பெயிண்டோடு வந்தாள். கைப்பிடியில் அழகாக ஒரு புள்ளி வைத்தாள். அவன் பேப்பரையும் போட்டுவிட்டு விலகி நின்றான். நாற்காலி காலியாக இருந்தது. பத்து வருஷமாக நான் உட்காராத நாற்காலி.

தொண்டையில் நின்ற வாக்கியம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நானும் உட்கார்ந்தேன்.

பேப்பரும் அன்றே என்னுடையதாகியது. மறுவாரம் மின்விசிறியின் சுவிட்சைத் தொட்டேன். அதற்கொரு புள்ளி. டிவி ரிமோட்டைத் தொட்டேன். குளியலறைக் குழாயை, வெயில் விழாத ஜன்னலை, இலவம்பஞ்சு மெத்தையை, ஒவ்வொன்றாக, அவசரம் இல்லாமல். பிறகு அவளுக்கு ஏன் சிரமம் என்று புட்டியையும் தூரிகையையும் நானே எடுத்துக்கொண்டேன். நான் தொட்டதற்குத்தான் புள்ளி என்பது போய், புள்ளி வைத்ததெல்லாம் நான் தொட்டது என்று ஆயிற்று.

மைத்துனன் கூடத்திலிருந்து நடைக்குப் போனான். நடையிலிருந்து பின்கட்டுக்கு. பின்கட்டுக் கதவில் நான் புள்ளி வைத்தபோது மாடிப்படிக்கு. படிகள் பதினான்கு. தினம் ஒரு படியாக வைத்துக்கொண்டே போனேன். பதினைந்தாம் நாள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு அறைக்குப் போய்விட்டான்.

'நோயோடு வாழக் கற்றுக்கொள்ளுங்கள், வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பைத் தேடிக்கொள்ளுங்கள்' என்று மருத்துவமனைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு எதற்குப் புள்ளி வைக்கலாம் என்று யோசிக்கிறவனுக்குச் சாவைப் பற்றி யோசிக்க நேரம் ஏது? இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் விசிலை ஊதினேன். இப்போதுதான் எனக்கென்று ஒரு தொழில் கிடைத்தது.

ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. அந்தச் சொட்டு.

மைத்துனன் போனால் கரண்டி என்னிடம் திரும்பும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் கரண்டிக்கு மூடி போட்டு, முந்தானையால் பொத்திக்கொண்டு, இரண்டு தெரு தாண்டி அவனிடம் போய் உப்புப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டுப் போவாள். வருவதற்குள் பாதி வற்றியிருக்கும். வற்றினால் உப்பு ஏறும். மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி போவாள். கரண்டிக்கே புள்ளி வைத்துப் பார்த்தேன். புதுக் கரண்டி வாங்கினாள். ஏழு கரண்டி வரைக்கும் நடந்தது இந்தப் போர்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சொட்டு கைக்கு வந்துவிடும். எனக்குத் தெரியாமலா? ஆனால் அந்த வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மைத்துனனும் நாற்காலிக்கு வருவான். அதோடு, 'இத்தனை நாள் ஏன் சொல்லலை?' என்ற கேள்வியும் வரும். நாள் ஆக ஆக அந்தக் கேள்வி பெருத்துக்கொண்டே போயிற்று, முற்றத்து எருமை மாதிரி.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போவேன். டாக்டரம்மா விடமாட்டாள்.

"அம்மாவைக் கூட்டிட்டு வரலையா?"

"முட்டி வலி டாக்டர்."

அடுத்த மாதம், "ஊருக்குப் போயிருக்கா டாக்டர்." அதற்கடுத்த மாதம், "பெரியம்மா ஊருக்கு." அந்தப் பத்து மாதத்தில் என் மனைவி பார்க்காத ஊர் இல்லை. ஒருமுறை கப்பலில் அனுப்பி வைத்தேன். "கப்பல்லயா?" என்றாள் டாக்டரம்மா. "தலை சுத்துதுன்னு லெட்டர் போட்டிருக்கா" என்றேன்.

கப்பலில் போனவள் வீட்டில் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "களைப்பா இருக்குங்க" என்றாள். கால் வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு என்றாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். என் மனம் இளகி நான் பெயிண்ட் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நடிக்கிறாள் என நினைத்தேன். கெட்டிக்காரனுக்கு எல்லோரும் கெட்டிக்காரர்களாகவே தெரிவார்கள்.

பதினோராம் மாதம் அவளுக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தார்கள். அறுவைக்கு முன்னால் ரத்தம் எடுப்பது வழக்கம். அது எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லாப் பொருளின் மேலும் புள்ளி வைத்தவன் ஒரு கண்ணாஸ்பத்திரியைக் கோட்டை விட்டேன்.

தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனவள், ஒரு வாரம் அலைந்தாள். கண்ணாஸ்பத்திரி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி, பிறகு ஸ்கேன். எங்கே போகிறாய் என்றால் "கண்ணு விஷயமா" என்பாள். எட்டாம் நாள் மத்தியானம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். மைத்துனன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அவள் நேரே என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இருக்குங்க. உங்களுக்கு இருக்கிறதே தான்."

பொய் சொல்ல எனக்கு வயதில்லை. பொய்க்கு ஞாபக சக்தி வேண்டும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இவளுக்கும் இருக்கிறதென்றால் இனி என்னிடம் என்ன பயம்? கரண்டி வரும். என் வலது கை மடியில் கிடந்தபடியே விரிந்துகொண்டது.

"கவலைப்படாதே" என்றேன்.

"தம்பியை இனிமே தொடலாமா? தட்டெல்லாம் தனியா வச்சுக்கணுமா? நீங்க மாசாமாசம் ஆஸ்பத்திரி போறீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நிதானமாகக் கேட்டாள். பதில் வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் பதினொரு மாதமாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது அல்லவா, அது எழுந்து நின்றது. நான் வாசலைப் பார்த்தேன். அவன் நின்ற இடத்திலிருந்து நாற்காலிக்கு நான்கு எட்டு.

"வச்சுக்கத்தான் வேணும்" என்றேன். "அவனை அண்ட விடாதே. வாழ வேண்டியவன். நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்குவோம். ஒரே தட்டுல கூட சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது."

அவள் தலையாட்டினாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூடிக்கொண்டேன்.

சொட்டு விழுந்தது. சூடாக இல்லை. கண்ணைத் திறந்தால் உள்ளங்கையின் நடுவில், வட்டமாக, விளிம்பு பிசகாமல் சிவப்புப் புள்ளி. என்னைவிட நன்றாக வைத்திருந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில உங்க டாக்டரம்மாதான் பார்த்தாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "தட்டுல ஒட்டாதுன்னு சொன்னாங்க. உங்ககிட்ட மொத தடவையே சொன்னதையும் சொன்னாங்க. பத்து மாசமா என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களாமே. இப்ப ஈரல் இறுகிடுச்சாம். அப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதாம்."

நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எந்த ஊருக்குங்க கப்பல்ல போனேன்?"

பதில் சொல்ல எனக்கு ஊர் ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்கும் இருக்காம் மாமா" என்றான் மைத்துனன், வாசலிலிருந்து. "எங்கம்மா வழியா வந்ததா இருக்கும்ங்கிறாங்க. அக்காவுக்கும் அப்படித்தானாம். உங்களுக்கு அக்காகிட்ட இருந்து வந்துச்சோ என்னவோ, இனிமே யாரால சொல்ல முடியும்? பதினாலு படியிலயும் புள்ளி வச்சீங்களே." நான்கு எட்டு எடுத்து வைத்து வந்தான். "எந்திரிங்க."

எழுந்தேன்.

மூன்று பேருக்கும் அதே மாத்திரை, தினம் ஒன்று. அவளுக்கு மட்டும் கூடவே ஒரு கட்டளை: உப்பைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலிலும் வயிற்றிலும் நீர் கோக்கும். அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் உப்பு ஏறவில்லை. ஆளுக்கொரு சட்டி வைக்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லோருக்கும் ஒரே சப்பைச் சோறு. உப்பே இல்லாத வீட்டில் உப்புப் பார்க்கிறவனுக்கு என்ன வேலை? கரண்டி என்னிடமும் வரவில்லை, அவனிடமும் போகவில்லை.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தேற்றிக்கொண்டிருப்பேன். சண்டை போடவில்லை. ஒரே ஒரு வேலை மட்டும் கொடுத்தாள். மாத்திரையை ஒரே நேரத்துக்குப் போட வேண்டும், அவளுக்கு மறதி, தம்பிக்குத் தூக்கம். எனவே என் பழைய பெட்டியிலிருந்து ஒரு ரிஜெக்ட் விசிலைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"காலையில ஏழு மணிக்கு ஊதுங்க. ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

ஊமை விசில் அது. நானே புள்ளி வைத்துக் கழித்தது. அதில் சத்தம் வர அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும். ஊதினேன். ஏழு மணிக்கு மூன்று. முதல் சத்தத்துக்கு நான் மாத்திரையை வாயில் போடுவேன். இரண்டாவதற்கு மைத்துனன் நாற்காலியிலிருந்து கையை நீட்டுவான். மூன்றாவதற்கு அவள் அடுப்படியிலிருந்து வருவாள். என் இடது கையிலிருந்து எடுத்துக்கொள்வாள். வலது கையில் புள்ளி இருந்ததே, அந்தப் பக்கம் வரமாட்டாள். ஜுரம் வந்தாலும் ஊதினேன். பல் விழுந்த பிறகு ஈறால் கவ்விக்கொண்டு ஊதினேன். தெருவில் பள்ளிக்கூடமும் பால்காரரும் என் விசிலுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். ஒரு நாள் தவறினால் அவளுடைய ஈரலில் ஒரு நாள் குறையும் என்று எனக்குள் ஒரு கணக்கு. ஒரு நாளும் தவறவில்லை.

அப்படி ஒன்பது வருஷம் இருந்தாள். டாக்டரம்மா நான்கு என்று சொல்லியிருந்தாள். உபரி ஐந்தும் என் விசில் ஊதியது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இப்போது சொன்னதோடு சரி.

அந்த ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. கடைசி வாரத்தில் ஒரு முறை என் வலது கையை இழுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். அதற்குள் அத்தனை முறை தோல் உரிந்து வளர்ந்திருக்கும். புள்ளி இருந்தது. நல்ல பெயிண்ட். பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பது மாதிரி, கையை விட்டுவிட்டாள்.

இப்போது நானும் மைத்துனனும்தான். அவனுக்கும் அறுபது நெருங்கிவிட்டது. நாற்காலியில்தான் இருக்கிறான், இன்னும் வாழத் தொடங்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஊதுகிறேன். ஒன்று, நான். இரண்டு, அவன். பிறகு அடுப்படியைப் பார்த்துக்கொண்டு மூன்றாவதையும் ஊதிவிடுகிறேன். வாய்க்குப் பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

அவன் முதலில் சில நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு காலை, மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"மூணாவது எதுக்கு மாமா? அக்கா ஊர்ல இல்ல. கப்பல்ல போயிருக்கா."